காலி அட்டையை ஏற்றாத ஜீப்

தங்கராசு அண்ணனைப் பற்றி எழுத, அவரோடு என்னைவிட அதிகம் பழகியவர்கள் மஞ்சக்குட்டையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள், அவர் போன பிறகு தாளில் பேச வந்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான். மன்னித்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாளுக்கு அச்சடிக்கும் மடலில் ஒரு பக்கம் யாராவது எழுத வேண்டும் என்று ஜீப் ஸ்டாண்டில் கேட்டபோது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது. இது நான்காவது.

அன்று காலை நான் சேலத்தில் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் ஊர் ஜீப்புக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது: "இன்னிக்கு ஜீப் வராதுங்க." டயர் போயிருக்கும், இல்லையென்றால் நாகலூர் பக்கம் மரம் விழுந்திருக்கும் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சற்று நேரத்தில் அம்மா கூப்பிட்டார். "கண்ணு, நம்ம தங்கராசு போயிட்டாரு. ஜீப்பக் கழுவிக்கிட்டு இருந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாராம். தொடைக்கிற துணி கையிலயே இருந்துச்சாம்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது பதற்றம்தான். அவர் பெயரில் ஒரு பழி இருக்கிறது. அது அவருடையதல்ல. அவர் இருக்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும் என்று நான்கு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு டவுனுக்கும் இடையே ஷேர் ஜீப் ஓட்டியவர் அவர். மருந்துக்கடை டவுனில்தான். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மனசு வராது. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. போன தடவை சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டையைக் காலையில் ஜீப்பில் கொடுத்துவிடுவார்கள். அதே மாத்திரை மாலையில் வந்துவிடும். சொந்த அட்டை இல்லையென்றால் பக்கத்து ஊட்டு அட்டை. அண்ணன் சட்டைப்பையில் பீடிக்கட்டைவிட இந்த அட்டைகள்தான் அதிகம் இருக்கும்.

அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆங்கிலம் கிடையாது. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபோது முன் சீட்டில் எனக்கு இடம் வைத்தார். "படிக்கிற புள்ள, உக்காரட்டும்" என்பார். அட்டைகளை என்னிடம் நீட்டுவார். "இது யாரோடதுன்னு மறந்துபோச்சு. காய்ச்சலா, சக்கரையா, பாத்துச் சொல்லு கண்ணு." எங்கள் ஊட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஜீப்பிலும் நான் ஒருத்திதான். பின்னால் இருப்பவர்கள் கேட்க நான் படித்துச் சொல்வேன். சத்தமாகப் பேசக் கூசும் எனக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது காப்பிப் பழம் பறிக்கும் காலம். ராசாத்தி அக்காவுக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டது. முதலில் ஒரு கேப்சூலைப் பிரித்து உள்ளே இருந்த தூளைப் புண் மேல் தூவினார். நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். புண் ஆறவில்லை. பக்கத்து ஊட்டுக் காலி அட்டையைக் கொண்டுவந்து ஜீப்பில் கொடுத்தார்.

"ஏனுங்கண்ணா, இதே மாத்திர வேணும். ஆனா பெனிசிலின் ஊசி போட்டப்ப எனக்கு மொகமெல்லாம் வீங்கிருச்சு. அது இல்லாம இருக்கோணும், பாத்து வாங்குங்க."

அண்ணன் அட்டையை என் மடியில் போட்டார். "பாரு கண்ணு, அது கீது போட்டிருக்குதா?"

அட்டையில் அமாக்சிசிலின் என்று இருந்தது. அதுவும் பெனிசிலின் குடும்பத்து மருந்துதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் தயங்கினேன். பின்னால் இருந்து யாரோ, "என்னா, காலேஜிலே இதச் சொல்லித் தரலியா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். காது சூடானது.

"அது இல்லீங்க. இது வேற" என்றேன்.

அன்று மாலை ராசாத்தி அக்கா முதல் கேப்சூலை விழுங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. நல்ல வேளையாக ஜீப் இன்னும் ஊருக்குள் இருந்தது. மூடுபனியில் ஆரனை அழுத்திக்கொண்டே அண்ணன் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். நர்ஸ் வெளியே வந்து கேட்டார்.

"யாருங்க இந்த மாத்திரையக் குடுத்தது? டாக்டர் சீட்டு எங்க?"

"சீட்டு இல்லீங்க. நாந்தான் வாங்கியாந்தேன்."

"யாரக் கேட்டு வாங்குனீங்க?"

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரையும் கேக்கலைங்க. என் தப்புதான்" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் அது தங்கராசு கதை ஆயிற்று. படிக்கத் தெரியாதவன் மருந்து வாங்கி ஒருத்தியைக் கொல்லப் பார்த்த கதை.

மறுநாள் காலையில் அட்டையோடு வந்தவர்களிடம் அவர் கையை விரித்தார். "காலி அட்டைய ஏத்த மாட்டனுங்க. ஆள ஏத்திக்கிறேன். டாக்டரக் கண்ணுல பாத்துச் சீட்டு வாங்குங்க, அப்பறம் மருந்தெடுத்தாறேன்." கோபித்துக்கொண்டார்கள். "நொம்ப யோக்கியந்தான், நேத்து எங்க போச்சு இந்தப் புத்தி" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். "நேத்து இல்லீங்க, அதான் இன்னிக்கி வந்திருக்குது" என்று சிரித்துக்கொண்டே கியர் போட்டார்.

அப்புறம் மாத்திரை ஆரன் வந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த தடவைக்கு என்று தகர டப்பாவில் போட்டுவைப்பார்கள். சீட்டில் எத்தனை நாள், எத்தனை வேளை என்று அவர் மருந்துக்கடையிலேயே கேட்டு மனதில் வைத்துக்கொள்வார். இரண்டு வேளைக்காரர்கள் ஊட்டு முன்னால் காலை முதல் ட்ரிப்பில் இரண்டு ஆரன், மாலைக் கடைசி ட்ரிப்பில் இரண்டு ஆரன். மூன்றாம் நாள் ஒருவர் வாசலில் நின்று, "செரியாப் போச்சுங்க டாக்டரு, ஆரன் வேண்டாம்" என்றார்.

"அஞ்சு நாளுன்னு எழுதியிருக்குதுங்களே. நிறுத்தோணும்னா எழுதுனவரக் கேளுங்க. வாங்க, ஏத்திக்கிட்டுப் போறேன்."

"உங்க ஜீப்புல வாறதுக்கு மாத்திரையே முழுங்கிரலாம்."

"அதத்தான் நானுஞ் சொல்றேன்."

ஒரு நாள் மண் சரிந்து மாலை ட்ரிப் வரவில்லை. மறுநாள் ஒரு பாட்டையா, ஆரன் வராததால் மாத்திரையை விட்டுவிட்டேன், இப்போது இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். அண்ணன் ஜீப்பை நிறுத்தி, ஆட்களைக் காக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். விட்டுப்போனதற்காக இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது என்று சொன்னார்கள். அவர் அதை எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னார். தெரியாததைக் கேட்க அவர் கூசவில்லை. அவருக்குப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏறுகிறவர்களிடம் "உங்களுக்கு எந்த மருந்துங்க ஒத்துக்காது?" என்று கேட்டு, ஸ்மார்ட் கார்டு உறையில் வைக்க ஒரு சீட்டில் அதை என்னை எழுதித் தரச் சொன்னதும் அவர்தான். முதல் சீட்டு ராசாத்தி அக்காவுக்கு. டாக்டரிடம் கேட்டு வந்த பெயர்களைத்தான் எழுதினேன். இரண்டு முறை அடித்து எழுத வேண்டியிருந்தது.

பட்டம் வாங்கிய அன்று, ஜீப்பில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டுவிட்டேன். "அண்ணா, அன்னிக்கி நாந்தான் சொன்னேன்னு ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா என்ன ஆவும்? உங்கய்யன் படிச்சது போதும்னு உன்னய ஊட்டுல உக்கார வெச்சிருப்பாரு. எனக்கு என்ன போச்சு, ரெண்டு பேச்சுத்தான?"

"நான் இப்பச் சொல்லட்டுங்களா?"

வளைவில் ஆரனை அழுத்தி ஜீப்பைத் திருப்பினார். "நாளைக்கு ஒருத்தரு உங்கிட்ட அட்டைய நீட்டுனா, தெரியலைன்னு சொல்லு கண்ணு. அதச் சொல்றதுக்குந்தான் படிக்கிறது."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. நான் வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தில், இலை போட்டுக்கொண்டிருந்தபோது என் பின்னால் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசந்தான். ஆனா அந்த ராசாத்தியக் கொன்னுருப்பானே." நான் வாயைத் திறந்தேன். திறந்து, "தண்ணி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டுச் செம்பை எடுக்கப் போனேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன வாரம் ஜீப்பில் ஏறினேன். இப்போது ஓட்டுகிற தம்பியின் சட்டைப்பையில் மூன்று காலி அட்டைகள் பளபளத்தன. மாலையில் எந்த ஊட்டு முன்னாலும் ஆரன் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான்: தெரியலைங்க. அலுவலகத்தில் அதைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காது சூடாகத்தான் செய்கிறது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். முதல் மூன்று தாள்களையும் கிழித்தது இந்த இடத்தில்தான். ஜீப்பில் யாராவது காலி அட்டையை நீட்டினால், அந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். ராசாத்தி அக்கா, நீங்களும் சொல்லுங்கள், என்னைத் திட்டிவிட்டுச் சொல்லுங்கள். ஆனால் அதில் தங்கராசு என்று வருகிற இடத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லுங்கள். என் பெயர் கோகிலா. மேலத்தெரு பொன்னுசாமி மகள். அன்று முன் சீட்டில் இருந்தது நான்.