கோபத்துக்கென்று ஒரு மெட்டு

நூலக ஆண்டு மலரில் என் மனைவியின் தங்கையைப் பற்றி அச்சான குறிப்பைப் படித்ததும் வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. "இனிய இசையால் மனத்தை அமைதிப்படுத்திக்கொண்டு எழுதும் மென்மையான எழுத்தாளர்" என்று போட்டிருக்கிறார்கள். இசை உண்டு. மற்றதெல்லாம் தவறு. மனம் அமைதியாக இருந்து அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருப்பவள் அவள். நடந்தது நடந்தபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். பல் கட்டும் கூடத்தில் வேலை. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் சுண்ணமாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, கடைசியில் அரவை இயந்திரத்தில் பிடித்து மழமழப்பாக்க வேண்டும். அந்த இயந்திரம் போடும் ஊளை, வேலை முடிந்த பிறகும் காதை விடாது. "தலைக்குள்ள ஒரு கொசு குடும்பம் நடத்துது மாமா" என்பாள்.

அந்தக் கொசுவை விரட்டத்தான் முதலில் பாட்டு வைத்தாள். போகப்போக அதுவே அவள் எழுதும் முறையாகிவிட்டது. கதையில் வரும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மெட்டு. அம்மா வந்தால் வயலின். லாரி ஓட்டும் பெண் வந்தால் வெறும் மேளம். வரிகள் உள்ள பாட்டுக்கு இடமே இல்லை. "அடுத்தவன் எழுதின வார்த்தை என் பேனாவுல ஏறிடும்" என்பாள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஓடும். எழுத்து ஓடுகிறவரை அது அவள் காதில் விழாது. விழுந்துவிட்டால் எழுத்து நின்றுவிட்டது என்று பொருள். அப்போது கதவைத் தட்டாமல் இருப்பது நல்லது.

பகலெல்லாம் காதில் பஞ்சு வைத்து வேலை பார்ப்பதால், வீட்டிலும் காதுக்குள் எதையும் செருக அவளுக்குப் பிடிக்காது. ஒலிபெருக்கியில்தான் போடுவாள். ஆகவே மாடியில் யார் வந்திருக்கிறார்கள் என்று கீழே எங்களுக்குத் தெரிந்துவிடும். கிளாரினெட்டில் துள்ளித் துள்ளிப் போகும் ஒரு பழைய மெட்டு கேட்டால் அவளுக்கு மேலே கொண்டுபோகவிருந்த தேநீர்க் கோப்பையை என் மனைவி என் கையிலிருந்து வாங்கிவிடுவாள்.

"இப்ப மேல போகாதீங்க. அந்தப் பாவி வந்திருக்கான்."

அந்தப் பாவி அவளுடைய நாவலில் வரும் கிடங்கு மேற்பார்வையாளர். கத்த மாட்டார், அடிக்க மாட்டார். சிரித்த முகத்தோடு மற்றவர்களின் வாழ்க்கையை முடிவு செய்வார். படித்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள்.

அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் மைத்துனர், அதாவது இந்தச் சகோதரிகளின் அண்ணன், வாழ்நாளெல்லாம் விசிலடிக்கும் மெட்டு அது. தகப்பனார் போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். சின்னவளுக்கு இலக்கியம் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரியபடி விசிலடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "உன் காலேஜ் சீட்டை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். பல் கட்டற இடத்துல சொல்லி வெச்சிருக்கேன், திங்கக்கிழமை போயிடு" என்றார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து விசிலைத் தொடர்ந்தார். படிப்பு போனதைக்கூட அவள் ஆற்றிக்கொண்டிருப்பாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் பாருங்கள், அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மாடியில் கிளாரினெட் ஓடியது. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அட, என் பாட்டு! என்னை நெனச்சுக்கிட்டுத்தான் எழுதறாளா? பாத்தீங்களா மாப்ளே, வெளியில காட்டிக்க மாட்டா, பாசக்காரி!"

என் மனைவி அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம் அதையே சொன்னார். தங்கை எழுத்தாளரானது தன் விசிலால்தான் என்றார். நாவல் புத்தகமாக வந்ததும் கட்டுக்கட்டாக வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அட்டையைப் படித்தார். உள்ளே ஒரு பக்கமாவது படித்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு தடவை அது காதுக்கு வரும்போதும் சின்னவள் கொதித்தாள். "என் படிப்பை எடுத்துக்கிட்டான். இப்ப என் எழுத்தையும் அவன் கணக்குல எழுதிக்கறான்!"

"விடுடீ, அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்" என்றாள் அக்காள்.

"எத்தனை சந்தோஷம்தான்க்கா அவனுக்கு வேணும்?"

நூலகத்தில் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் அண்ணன். அழைக்காமலே மேடையேறினார். "இவளை வேலையில சேர்த்துவிட்டவன் நான். என் விசிலைப் போட்டுக் கேட்டாத்தான் இவளுக்கு எழுத்தே வரும்" என்று சொல்லி, ஒலிவாங்கியில் அந்த மெட்டை விசிலடித்தும் காட்டினார். கைதட்டினார்கள். சின்னவளின் காது மடல் சிவந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். என் மனைவி அவளையே பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் வாயை மூடியிருந்தாயிற்று, இன்னும் ஒரு மாலை மூடிக்கொண்டால் குடும்பம் குடும்பமாக இருக்கும் என்பது அவள் எண்ணம்.

அப்போது பின்வரிசையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அம்மாள் ஒருவர் எழுந்தார். நாவலை இரண்டு முறை படித்தவராம்.

"ஆளுக்கு ஒரு மெட்டுன்னு சொன்னீங்களே. அண்ணனோட மெட்டு யாருக்கு மேடம்?"

அண்ணன் முந்திக்கொண்டார். "சொல்லும்மா, கூச்சப்படாம சொல்லு!"

அந்த 'கூச்சப்படாம'வோடு அவள் பொறுமை போயிற்று. சின்னவள் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள்.

"மேற்பார்வையாளருக்கு. அவர் ஒருத்தியை வேலையை விட்டுத் தூக்கறப்ப பாட்டை நிறுத்துவாரே, சொல்லிட்டு விட்ட இடத்துலேர்ந்து பாடுவாரே, அந்த இடத்துக்கு."

புத்தகம் படித்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். படிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். கைதட்டல் நின்றது. "எங்க வீட்ல எல்லாருக்கும் தமாஷ் ஜாஸ்தி" என்றார், பொதுவாக.

"தமாஷ் இல்லைண்ணா" என்றாள் சின்னவள், ஒலிவாங்கியிலேயே.

கூட்டம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் அண்ணனும் தங்கையும் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"சபையில வெச்சு என் மானத்தை வாங்கிட்டே!"

"நீயா ஏறின மேடை அது. நான் கூப்பிட்டேனா?"

"வேலை வாங்கிக் குடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

"என்னைக் கேட்டியா? சீட்டைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா?"

"எந்த சீட்டு?"

அவர் நடிக்கவில்லை. கண்ணாடியும் சீப்பும் அந்தக் காலையும் அவள் சொல்லச் சொல்ல, முகத்தைச் சுளித்து யோசித்துப் பார்த்தார். "அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். சின்னவள் கையிலிருந்த பூச்செண்டை அவர் மார்பில் அழுத்திக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவர் அதைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

மலர் போட்டவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு மென்மை என்று எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் சின்னவள் அடுத்த நாவலைத் தொடங்கினாள். இதிலும் ஒரு கொடியவன் உண்டாம். மாலையில் கை கழுவிவிட்டு மாடியேறினாள். கிளாரினெட் ஓடியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி நின்றது. நாற்காலி தரையில் உராயும் சத்தம். கதவு சுவரில் மோதியது.

"மாமா!"

"என்னம்மா?"

"எதுவுமே வரலை! பாட்டுதான் காதுல விழுது! அவன் மூஞ்சியே வரமாட்டேங்குது!"

"சத்தத்தை வேணா கூட்டி வெச்சுப் பாரேன்."

"வெச்சேன், வெச்சேன்! நல்லாயிருக்கு மாமா, அந்தப் பாட்டு நல்லாயிருக்கு! இப்ப நான் என்னத்தை வெச்சு எழுதறது?"