சாந்தி குளிரை வெளியே நிறுத்திய கதை

1995 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சாந்தியின் சமையலறைச் சுவருக்குள் உறைந்து கிடந்த குழாய் வெடித்தது. நியூயார்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்து மான்மவுத் ஜங்ஷனில் அந்த வீட்டை வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கணவன் நஞ்சுண்டன் நியூயார்க்கில் மீட்டிங்கில் இருந்தான். தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிளம்பர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கார்ப்பெட் ஊறி, அரிசி மூட்டை நனைந்து, சாப்பாட்டு மேஜைக்கடியில் குளம் கட்டியிருந்தது. பிளம்பர் வீட்டுக்கடியில் இருந்த பேஸ்மென்ட்டுக்குப் போய் ஒரே ஒரு வால்வுத் திருகைத் திருகினான். தண்ணீர் நின்றது. "இது இங்கே இருப்பதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவள். மனைவி என்ற முறையில் ஹெச்-4 விசாவில் வந்ததால் வேலைக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான்.

"அடுத்த வின்ட்டருக்கு ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கலாம், விடு சாந்தி" என்றான் நஞ்சுண்டன்.

"ஆளு வந்து வேலைய முடிச்சுட்டுப் போயிருவாங்க. தண்ணி வந்தா வீட்டுல நிக்கறது நானுங்க. நானே பாத்துக்கறேன்."

கோடை முழுக்க நூலகத்திலிருந்து வீட்டுப் பராமரிப்புப் புத்தகங்களாக எடுத்து வந்து படித்தாள். செப்டம்பரில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டில் இறங்கினாள். ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். திருகுகளுக்கெல்லாம் நெயில் பாலிஷால் எண் போட்டாள். வெளிச்சுவரை ஒட்டி ஓடிய குழாய்களுக்கு ஃபோம் உறை மாட்டினாள். தோட்டத்துக் குழாய்க்குப் போகும் தண்ணீரை உள்ளேயே நிறுத்தி, மிச்சத்தை வடியவிட்டாள்.

காற்று பலமாக வீசிய ஓர் அக்டோபர் காலையில் ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் ஜன்னலாகக் காட்டினாள். புகை நேராக எழுந்தால் நல்லது. சாய்ந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டாள். பதினொரு கோடுகள். அடைக்கிற பசையை முதல் ஜன்னலில் பிதுக்கியபோது கேக்கில் குழந்தை கிரீம் அப்பினாற்போல் ஆயிற்று. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். நாலாவது ஜன்னலில் கை படிந்துவிட்டது.

மேலே கூரைக்கடியில் அட்டிக்கில், குளிரைத் தடுக்கும் ஃபைபர்கிளாஸ் பஞ்சுச் சுருள்களை விரிக்க மட்டும் நஞ்சுண்டன் ஒரு சனிக்கிழமை உதவிக்கு வந்தான்.

"கட்டை மேலயே காலை வெய்ங்க. நடுவுல மிதிச்சா சீலிங் தாங்காதுங்க."

"தெரியும், தெரியும்" என்றவன் அடுத்த அடியை நடுவில்தான் வைத்தான். கீழே சாப்பாட்டு அறையில் படம் வரைந்துகொண்டிருந்த ஆறு வயது மகள் வான்மதி மேலே பார்த்துக் கத்தினாள்: "அம்மா, அப்பாஸ் லெக் இஸ் இன் த டைனிங் ரூம்!"

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டையையும் சாந்திதான் அடைத்தாள்.

தீபாவளிக்கு எல்லோரும் கூடியபோது பக்கத்துத் தெரு ஷ்யாமளா, "எதுக்கு சாந்தி உனக்கு இந்த அழுக்கு வேலையெல்லாம்? ஒரு போன் பண்ணினா ஆள் வரப்போறான்" என்றாள். சாந்தி கையைச் சொறிந்துகொண்டாள். விரல் இடுக்கில் ஃபைபர்கிளாஸ் அரிப்பு இன்னும் போயிருக்கவில்லை.

ஜனவரி முதல் வாரம் பனிப்புயல் வந்தது. ஞாயிறும் திங்களும் விடாமல் கொட்டி, தெருவில் நின்ற கார்கள் வெறும் மேடுகளாயின. சாந்தி வீட்டில் காற்று எட்டிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. புதன்கிழமை காலை ஷ்யாமளா போன் பண்ணினாள்.

"சாந்தி, கிச்சன்ல சொட்டுத் தண்ணி வரலை. இவர் சிகாகோல மாட்டிண்டிருக்கார், ஃப்ளைட் எல்லாம் கேன்சல். பிளம்பர் மூணு நாள் ஆகும்ங்கறான். என்ன பண்றதுன்னே தெரியலைடி."

"ஒண்ணையும் தொடாதீங்க. இதோ வர்றேன்."

தொடையளவு பனியில் சாந்தி நடந்தாள். ஐந்து நிமிட வழிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. போனதும் பேஸ்மென்ட்டில் முதன்மைத் திருகைத் தேடி மூடினாள். சமையலறைக் குழாயைத் திறந்து வைத்தாள். சிங்க்குக்குக் கீழே, வெளிக்காற்று நுழைகிற ஒரு மூலையில், குழாய் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை பூத்திருந்தது.

"ஹேர் டிரையர் கொண்டாங்க. டார்ச்சைப் புடிச்சுக்குங்க."

திறந்திருந்த வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி விரல் விரலாகச் சூடு காட்டிக்கொண்டு போனாள். முழங்கால் மரத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழாய்க்குள் ஏதோ களுக்கென்றது. சாந்தி கீழே ஓடிப்போய்த் திருகைக் கால்வாசி திறந்தாள்.

குழாய் இருமியது, துப்பியது, பிறகு சீராக ஊற்றியது. சாந்தி மேலே வந்து குழாய் நெடுகக் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். எங்கும் கசிவில்லை.

"வந்துடுத்து! சாந்தி, வந்துடுத்து!" ஷ்யாமளா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

விஷயம் பரவியது. அந்த வாரத்திலேயே, குழாய் உறைந்துபோன அதே தெரு அனந்தராமன் வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் போய்வந்தாள். அடுத்த அக்டோபரில் நூலகக் கூடத்தில் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது பற்றி இருபத்திரண்டு பேருக்கு வகுப்பெடுத்தாள். முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் ஷ்யாமளா.

1999இல் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. வீடுகளில் குளிர் எங்கே நுழைகிறது என்று சோதித்துச் சொல்கிற ஒரு நிறுவனம் வைத்த தேர்வில் அவள்தான் முதல். முதல் நாள், ஏணி கட்டிய வேனை அவளே ஓட்டிப்போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த வெள்ளைக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டெக்னிஷியன் எங்கே?"

"நான்தான்" என்றாள் சாந்தி. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.