ஏற்றத்துக்குப் பார்த்து எடுத்த வண்டி

அக்கா மகள் ஜெனிக்குக் குன்னூரில் நர்ஸ் வேலை கிடைத்ததும் முதல் போன் எனக்குத்தான். "மாமா, நான் பைக் எடுக்கப் போறேனுங்க. ஸ்கூட்டர் வேண்டாம், பைக்குதான். புதுசாப் பழகறவளுக்கு எது தோதுன்னு நீங்கதான் வந்து சொல்லோணும்." என்னைப் போய்க் கேட்கிறாளே என்றிருந்தது. ஆனாலும் தாய்மாமன் கெத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? போனேன்.

ஷோரூமில் ஒரு சின்ன பைக்கில் என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் என் வலது கால் தானாகக் கிக்கரைத் தேடியது. அப்படி ஒன்று அதில் இல்லவே இல்லை. "பட்டன் ஸ்டார்ட் சார்" என்றார் அங்கே நின்ற விற்பனையாளர், பாவம் பார்க்கிற குரலில். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தேன். பிறகு அது பிரேக் பெடல் மேல் போய் உட்கார்ந்தது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெடலைப் பற்றி இருபத்தாறு வருடமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை எடை போடும் கிளார்க் வேலை. அதே எஸ்டேட் ஃபேக்டரியில் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மச்சான் ஃபிட்டர். அருவங்காட்டுக்குப் பக்கத்தில், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் அவர்கள் வீடு. நானும் அவர்களோடுதான் இருந்தேன். எஸ்டேட்டோ மேலே. பஸ்ஸை நம்பி அடிக்கடி லேட்டானதால் பழைய பைக் ஒன்று எடுப்பது என்று முடிவாயிற்று. வண்டி எனக்கு, பார்த்து எடுக்கும் பொறுப்பு மச்சானுக்கு.

அவர் வண்டி பார்க்கும் முறையே தனி. விற்கிறவர் முந்தின நாளே வண்டியை வெளியே நிறுத்திவிட வேண்டும், சாக்குகூடப் போர்த்தக் கூடாது. விடிந்ததும் நாங்கள் போய், சீட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைக் கையால் வழித்துவிட்டு உதைப்போம். மூன்று உதைக்குள் கிளம்பினால் அது வண்டி, இல்லாவிட்டால் பழைய இரும்பு. கேத்தியில் ஒருவர் நாங்கள் வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி, ஒன்றும் தெரியாதவர் போல நின்றார். மச்சான் சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டிக்குக் காய்ச்சலுங்களா?" என்று கேட்டார். வண்டிக்காரரின் வீட்டம்மாவே சிரித்துவிட்டார். அந்தக் காலைகளின் பெட்ரோல் வாசனையும் விறைத்துப்போன விரல்களும் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

கடைசியில் ஒரு நூறு சிசி வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு செங்குத்தான ஏற்றத்தை இரண்டாம் கியரிலேயே ஏறியது. "இதுதான் மாப்ள வண்டி" என்று என் முதுகில் தட்டினார். குளிரில் கிளம்புமா, மேட்டில் ஏறுமா, மலையில் எல்லோரும் கேட்பது இந்த இரண்டைத்தான். இறக்கத்தில் எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்வதுதான் அன்றைய வழக்கம். அப்படி வந்தால் வண்டியின் மொத்த பாரமும் பிரேக் மேல்தான் விழும். ஃபிட்டரான மச்சானுக்கே அது உறைக்கவில்லை.

எனக்கு ஏற்றம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. இறக்கம் என்றால்தான் பயம். அதனால் காலையில் நான் ஓட்டுவேன், மச்சான் பின்னால் உட்கார்ந்து வருவார். சாயந்திரம் அவர் ஓட்டுவார், நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். சத்தமே இல்லாமல் இறங்குவோம். டயர் உரசுகிற ஓசையும் காற்றும் மட்டும் கேட்கும். வண்டி வருவது அக்காவுக்குத் தெரியாது. வாசலில் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டால்தான் அடுப்பில் காப்பித் தண்ணீரை வைப்பாள்.

அன்றைக்குக் காலையில் மேலே போகும்போது ஒரு வளைவில் மாடு நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. எஸ்டேட் கேட்டில் நிறுத்தும்போதும் அப்படித்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கால்தான் சரியில்லை என்று நினைத்தேன். புதிதாகப் பழகுகிறவனுக்கு எல்லாத் தப்பும் தன்னுடையதாகத்தான் தோன்றும். போதாக்குறைக்கு, முந்தின வாரம் நான் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்ததை மச்சான் ஃபேக்டரி முழுக்க நடித்துக் காட்டியிருந்தார். இதையும் சொன்னால் இன்னொரு வாரம் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். பின்சக்கரத்துப் பிரேக் கம்பியில் ஒரு நட்டு இருக்கும். கையாலேயே இரண்டு சுற்று முறுக்கியிருந்தால் போதும். அவர் ஃபிட்டர், ஒரு நிமிட வேலை.

சாயந்திரம் கடைசி லோடு இலை வர நேரமாயிற்று. எடை போடாமல் நான் கிளம்ப முடியாது. "நீ பஸ்ல வா மாப்ள, பாப்பாவுக்குச் சளி, நான் முன்னால போறேன்" என்று மச்சான் மட்டும் கிளம்பினார். தூறல். எஞ்சினை அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை நான் எடைத் தராசுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு மேலே கடைசி வளைவில் வண்டி நிற்கவில்லை.

மழை என்றார்கள், மூடுபனி என்றார்கள். பெடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஜெனி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அக்கா ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அதைத்தான் சொல்வாள்: "அவரோட நேரம்டா தம்பி." நானும் தலையாட்டுவேன். அதன்பிறகு நான் பைக்கைத் தொட்டதில்லை. பயம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஷோரூமில் ஜெனிக்கு ஒரு வண்டி பிடித்துப்போயிற்று. நான் இறங்கும்போது அவளிடம், "இறக்கத்துல எஞ்சினை அணைக்காத. பெடல் கீழ இறங்குச்சுன்னா உன் காலைச் சந்தேகப்படாத, வண்டியைச் சந்தேகப்படு. யாரு சிரிச்சாலும் சரி, உடனே சொல்லீரு" என்றேன். "சரிங்க மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெனி, மாமா என்னென்ன சொன்னார் என்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு உள்ளே போனாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அன்னைக்குப் பெடல் எறங்குச்சாடா?"

"ஆமாக்கா."

"அவருகிட்டச் சொன்னியா?"

நான் தரையில் கிடந்த வெங்காயத் தோல்களைப் பொறுக்கினேன். அக்கா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். சாப்பாடு போட்டாள். ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

இப்போது கிக்கர் இல்லை. வண்டியைப் பனியில் விட்டு உதைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சத்தமில்லாமல் இறங்கி வரும் வண்டிகளும் குறைந்துவிட்டன, ஜெனி வருவது மேல் ரோட்டிலேயே கேட்டுவிடுகிறது. போன வாரம் கல்லறைத் திருநாள். அக்காவும் நானும் போனோம். காற்றில் அணையாமலிருக்க நான் கையை வளைத்துப் பிடித்துக்கொள்ள, அவள் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். 'அவரோட நேரம்' என்கிற அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அக்கா தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.