அது கோல் என்று சொன்ன நம்ம ஊர்க்காரர்

செவ்வாய்க்கிழமை காலை ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் வாங்க நின்றபோது கைப்பேசி அடித்தது. "பாய் அங்கிள், அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் ஸ்டெல்லா. இந்தத் தீவின் கால்பந்துத் திடல்களில் இருபத்தைந்து ஆண்டுகள் கொடி பிடித்து ஓடிய எல்லைக்கோட்டு நடுவர் அந்தோணியின் மகள். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய கடைசிச் சண்டையைப் பற்றி உங்களில் பாதிப் பேர் தப்பாகப் பேசுகிறீர்கள்.

சண்டை தொடங்கிய அன்று என் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் நம் தீவு அணியின் ஆட்டம் பார்த்தோம். கடைசி நேரத்தில் எதிரணி போட்ட கோலைக் காணொளி நடுவர் ஆஃப்சைடு என்று ரத்து செய்தார். பந்து உதைக்கப்பட்ட நொடியில் கோல் போட்டவரின் முழங்கால் நம் கடைசித் தற்காப்பு ஆட்டக்காரரைத் தாண்டியிருந்ததாம். நம் அணி வென்றது, கடையே துள்ளியது. அந்தோணி மட்டும், "அது கோல்" என்றார்.

"ஜெயிச்சாச்சுலா அண்ணே! நீங்க எந்த ஊரு?" என்றான் பக்கத்து மேசைப் பையன்.

"கொடி பிடிக்கிறவனுக்கு ஊர் கிடையாது தம்பி."

நானும் சிரித்தேன். "கம்ப்யூட்டரவிட உம்ம கண்ணு பெருசோ?" என்று கேட்டேன்.

மறுநாள் என்னைத் திடலுக்கு இழுத்துப் போனார். என் கடை நாற்காலிதான் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் பந்தை உதைக்க, நான் நாற்காலியைத் தாண்டி ஓட, ஸ்டெல்லா படம் பிடித்தாள். காணொளியை ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினார். ஒன்றில் என் முழங்கால் நாற்காலிக்குப் பின்னால், அடுத்ததில் முன்னால். "உதைக்கிறவன் கால்ல பந்து பட்ட நேரந்தான் கணக்கு பாய். டிவில அவங்க நிறுத்திக் காட்டுன படத்துல பந்து காலை விட்டு ஒரு சாண் போயிருச்சு." நான் எவரிடமும் எளிதில் ஒத்துக்கொள்கிறவன் இல்லை. அன்று ஒத்துக்கொண்டேன்.

முடிவெடுக்க எந்தப் படத்தில் நிறுத்தினீர்கள் என்று கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினார். நடுவரின் முடிவே இறுதியானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. "முடிவை மாத்தச் சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் எழுதினார். அதற்குப் பதிலே இல்லை. அதற்குள் ஊரில் அவரைத் துரோகி என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதும், விட்டுவிடும் என்று நானே சொன்னேன். "தோத்த அன்னைக்கு மட்டும் கேட்டா அது கேள்வி இல்ல பாய், அழுகை" என்றார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், அதிகம் பள்ளிக்கூடம் போகாத நான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலாயில் மூன்றாவது கடிதத்தை என் பெயரில் எழுதி அனுப்பினேன். என் அணியின் வெற்றியையே சந்தேகப்படும் அந்தக் கேள்வி இனி என்னுடையது. துரோகி என்று சொல்ல நினைப்பவர்கள் என் கடைக்கு வந்து என் முகத்துக்கு நேரே சொல்லலாம். தேநீர் தருவேன். கடிதத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.