அமரவிளையில் நின்றுபோன அம்பாசடர்

குளத்தூர் வேலாயுதனுக்குச் சந்தேகக் குணம் ரொம்பவே உண்டு. காய்கறிக்காரரின் தராசு, பஸ் கண்டக்டர் தரும் சில்லறை, டி.வி.யில் சொல்லும் வானிலை, எதையும் அவர் லேசில் நம்பிவிட மாட்டார். ஆனால் அவருடைய மனைவி விஜயம்மாவையும் அவருடைய அம்பாசடர் காரையும் மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இந்த வருஷம் அவருடைய சந்தேகமெல்லாம் கார்த் தகடு நிமிர்த்தும் டிங்கரிங் சஜுவின் தலையில் இறங்கியிருந்தது.

அந்த அம்பாசடரைப் பாறசாலை ஸ்டாண்டில் டாக்ஸியாக வைத்து அவர் ஓட்டிய காலத்தில், இந்தப் பக்கத்தில் பிறந்த பாதிப் பிள்ளைகள் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தார்கள். ஸ்டாண்டில் ஓட்டம் குறைந்ததும் மற்றவர்கள் தங்கள் அம்பாசடர்களை இரும்புக்குக் கொடுத்தார்கள். இவர் மட்டும் டாக்ஸி போர்டைக் கழற்றிவிட்டு வீட்டு வண்டியாக்கிக்கொண்டார். மழையில் துருப்பிடித்த தகடுகளை அவ்வப்போது மாற்றுவதும், எங்கெங்கோ அலைந்து உதிரிபாகம் தேடுவதும்தான் அவருக்குப் பொழுதுபோக்கு.

போன வருஷம் ஓணம் கழிந்த சமயம், ஒரு கல்யாண வீட்டிலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வேலாயுதனின் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி விழுந்தது. பக்கவாதம். கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு கருங்கல் மதிலில் முட்டி நின்றது. விஜயம்மாவுக்கு நெற்றியில் சின்னக் காயம். காருக்கு முன்பக்கம் முழுக்கப் போனது. வேலாயுதனுக்கு இடது பக்கம் போனது.

கால் சில மாதங்களில் நடைக்கு வந்துவிட்டது. கைதான் முரண்டு பிடித்தது. "கையில் பிடி வரட்டும். வந்த பிறகு என்னிடம் காட்டுங்கள், ஓட்டலாமா என்று அப்போது சொல்கிறேன்" என்றார் டாக்டர். அம்பாசடரின் கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டி இடது பக்கம் இருப்பது. அந்த லிவரை இழுத்து ஏற்றி இறக்க இடது கையில் நல்ல பலம் வேண்டும். வெளியூரில் வேலையில் இருக்கும் மகன் தீபு, கியர் மாற்றவே தேவையில்லாத புதுக் கார் வாங்கித் தருவதாகப் போனில் சொன்னான்.

"நான் ஓட்டணும்னு நினைக்கது எனக்க வண்டியையாக்கும். உனக்க வண்டிய நீ ஓட்டு" என்று வேலாயுதன் போனை வைத்துவிட்டார். தன் வண்டியைத் தன் கையால் திரும்ப ஓட்ட வேண்டும். அந்த வருஷம் முழுக்க அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

கோடை தொடங்கியபோது கார் அமரவிளையில் இருக்கும் சஜுவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சஜு நல்ல வேலைக்காரன். மடங்கிக் கிடந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, துருவேறிய அடித்தகட்டை வெட்டிப் புதுசு வைத்து, விறுவிறுவென்று வேலையைத் தொடங்கினான். "விஷுவுக்கு வண்டி தாறேன் அண்ணா" என்று வாக்கும் கொடுத்தான். விஷு வந்தது, போனது. அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப் முற்றத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பள்ளிக்கூட பஸ்கள் வந்து அடைத்துக்கொண்டன.

"பள்ளிக்கூடம் தொறக்க முன்ன இதெல்லாம் டெஸ்டுக்குப் போவணும் அண்ணா. பிள்ளைகள் போற வண்டியாக்கும். நிங்களுக்க வண்டிக்கு இப்பம் என்ன அவசரம்?"

"எலே, எனக்கு வயசு கீழோட்டா போவுது? அவசரம் எனக்குத்தான் உண்டு!" என்று சத்தம் போட்டார் வேலாயுதன்.

மறுநாளிலிருந்து பஸ் பிடித்து அமரவிளைக்குப் போய், சஜுவின் கண்முன்னே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆள் நிற்காவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்காது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆள் உட்கார்ந்தும் நடக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸுக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் காற்றில் பறந்து, பிரைமர் பூசி நின்ற அம்பாசடரின் கூரை முழுக்கப் பொடியாகப் படிந்துவிட்டது. வேலாயுதனுக்கு வந்ததே கோபம்!

"நாளைக்குத் தேச்சு எடுக்கேன் அண்ணா. இப்பம் ஆளில்ல."

"உனக்க நாளையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்" என்று ஒரு வாளித் தண்ணீரும், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வேலாயுதனே இறங்கிவிட்டார். வலது கையால் தேய்த்தார். அது சலித்தபோது, இடது கையைத் தாளின்மேல் வைத்து அதன்மேல் வலது கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் போன பிறகும் விடவில்லை. கூரை முடிந்ததும் கதவு, கதவு முடிந்ததும் மட்கார்டு, அங்கே பள்ளம் நிரப்ப சஜு புட்டி பூசி வைத்த மேடுகள். வீட்டில் சுவரில் விரலை ஏற்றி இறக்கும் பயிற்சியென்றால் அவருக்குக் கொட்டாவி வரும். இங்கே பொழுது போனதே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து பஸ்கள் போயின. அந்த இடத்தில் ஜூன் மாசத்து இடவப்பாதி மழை வந்து நின்றது. ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் பளபளப்பு போய் வெளுத்துவிடும் என்றான் சஜு. அது உண்மைதான் என்று வேலாயுதனுக்கும் தெரியும். ஆகவே வானத்தைத் திட்டிக்கொண்டு தேய்த்தார். அந்த மழை நாட்களில்தான் ஒருமுறை, நிறைந்த வாளியைத் தூக்கித் திண்டில் வைத்துவிட்டு, தூக்கியது இடது கை என்பதை அப்புறம் கவனித்தார். உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு. யாரிடமும் மூச்சு விடவில்லை. புது பெயிண்டோடு காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிறுத்தி, விஜயம்மாவை வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு திட்டம்.

ஆடியாகிய கர்க்கடக மாசத்து நடுவில் மழை விட்டு நல்ல வெயில் அடிக்கத் தொடங்கியது. சஜு அப்போதும் அம்பாசடரைத் தொடவில்லை. நிறம் கலக்குகிற ஆள் ஊரில் இல்லை என்றான். கம்ப்ரசர் பழுது என்றான். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் பின்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒருவருடைய சிவப்பு வேனுக்காக. இவன் நம்மை ஏய்க்கிறான் என்று வேலாயுதன் தீர்மானித்துவிட்டார். ஆனால் எதற்காக ஏய்க்கிறான் என்பதுதான் பிடிபடவில்லை.

அன்றைக்கு சஜு வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேனுக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சின்மேல் கிடந்த அவனுடைய போன் அடித்தது. "ஆராக்கும் அண்ணா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்றான் திரும்பாமலே. வேலாயுதன் பார்த்தார். திரையில் விஜயம்மாவின் பெயர். ஒன்றும் சொல்லாமல் அழுத்தினார்.

"மக்கா சஜு, மழை விட்டுப்போச்சே, இனி அவருகிட்ட என்ன சாக்கு சொல்லுவ? எப்படியாவது ஓணம் வரைக்கும் பிடிச்சு வை, கேட்டியா."

சஜுவின் கையிலிருந்த ஸ்பிரே நின்றது. வேலாயுதன் போனை மெதுவாகப் பெஞ்சில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஓடி வந்தான் சஜு.

"அண்ணா, நான் என்ன செய்ய? அக்கா கண்ணு நிறைஞ்சு நின்னு கேட்டா. பஸ்ஸும் மழையும் நெசமாக்கும். பின்ன சொன்னதுதான் பொய்."

வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை வேலாயுதன் மனசுக்குள் பெரிய சண்டைக்கு ஒத்திகை பார்த்தார். வாசலில் நின்ற விஜயம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. சஜு போன் செய்திருப்பான் போல. அவள் அழுது முடித்திருந்தாள்.

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே விஜயம்" என்று மட்டும் கேட்டார்.

"எப்பிடிச் சொல்லுகது? அந்த வண்டிய நினைச்சுத்தான் நிங்க கட்டில்ல இருந்து எழும்பினது. ஓட்டாண்டாம்னு சொன்னா திரும்பவும் படுத்துப் போவியளோன்னு பயம். ஓட்டுங்கோன்னு சொல்லவும் பயம்." அவள் படியில் உட்கார்ந்தாள். "அண்ணைக்கு அந்த மதிலுக்கு அந்தால பஸ்ஸுக்கு நின்ன பிள்ளைகள நிங்க கண்டேளா? நான் கண்டேன். மதில் இல்லேன்னா அந்தப் பிள்ளைகளாக்கும். கண்ண மூடினா எனக்கு இப்பமும் அதுதான்."

வேலாயுதனுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியாது. அந்த மதிலில் முட்டியபோது நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. தான் காரைப் பற்றியும் கையைப் பற்றியும் மட்டும் புலம்பிக்கொண்டிருந்த இத்தனை மாதங்களும் இவள் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு எனக்கூட ஒர்க்‌ஷாப்புக்கு வா" என்றார் கடைசியில். "நான் கியர் போடுகத நீயே பாரு. உனக்குச் சரின்னு தோணல்லேன்னா வண்டிய வித்துப் போடுவோம். சத்தியமாக்கும்."

மறுநாள் காலையில் இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். சஜு வேன் பக்கமாகப் போய் ஒளிந்துகொண்டான். சாம்பல் நிறப் பிரைமரில் நின்ற காருக்குள் வேலாயுதன் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். மறுபக்கம் விஜயம்மா ஏறினாள். என்ஜினை முடுக்கவில்லை. அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது உதவிக்கு வரப்பிடாது. இனி போடுங்க."

கிளட்சை மிதித்து லிவரை இழுத்தார். வரவில்லை. பல மாதம் அசையாமல் கிடந்த லிவர் இறுகிப் போயிருந்தது. கிரீஸ் டப்பாவோடு ஓடி வந்த சஜுவை ஒரு பார்வையில் நிறுத்தினார். கிரீஸ் போட்டு வழுக்கிக்கொண்டு போகும் லிவரைப் பார்த்து விஜயம்மா நம்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். தோளைத் தாழ்த்திக்கொண்டு திரும்ப இழுத்தார். தோள்பட்டையிலிருந்து விரல் நுனிவரை நடுங்கியது. விற்க வேண்டியதுதான் என்று ஒரு கணம் மனசு விட்டுப்போனது. அப்போது லிவர் முனகிக்கொண்டு மேலே ஏறியது. முதல் கியர். பிறகு இரண்டு, மூன்று, நாலு, கடைசியில் ரிவர்ஸ்.

"இன்னொரு மட்டம்" என்றாள் விஜயம்மா.

போட்டார். அவள் திரும்பவும் கேட்டாள், திரும்பவும் போட்டார். வியர்வை சட்டையை நனைத்தது, கை மட்டும் நழுவவில்லை. விஜயம்மா லிவரைப் பார்க்கவில்லை. அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, நகக்கண்ணில் புட்டி.

"இது எப்பம் இப்பிடி ஆச்சு?"

"உன்ன அதிசயப்படுத்தணும்னு நினைச்சு மறைச்சு வச்சேன்" என்றார் வேலாயுதன், பிடிபட்ட பிள்ளையைப் போல.

விஜயம்மா அழுதாள், சிரித்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"மக்கா சஜு! பெயிண்ட் அடி. ஓணத்துக்கு முன்ன வண்டி வீட்டுல நிக்கணும். பெயிண்ட் காயுறதுக்குள்ள நாங்க டாக்டரைக் கண்டுட்டு வாறோம். அவரு சரின்னு சொன்னா இவரு ஓட்டட்டு."

சஜு தலையைச் சொறிந்தான். "ஓணத்துக்கு முன்னயா? அக்கா, நிறம் கலக்குகவன் ஊருக்குப் போனது நெசமாட்டு..."

"சாக்கு சொல்லப்பிடாது! நாளைல இருந்து நானும் வந்து இங்க இருப்பேன்."

வேலாயுதனின் வலது கை அப்போதும் அவள் மடியில்தான் இருந்தது. அதை விடச் சொல்லி அவர் கேட்கவில்லை.