செவலைக்குப் பத்தியம்

தனக்கு வந்த கேடு தன்னால் வந்தது என்று ராஜாங்கம் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. கரும்பு எடை குறைந்தால் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் எல்லாரும் திருடர்கள். கிணறு வற்றினால் பக்கத்துக் கொல்லைக்காரி நான் உறிஞ்சிவிட்டேனாம். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதற்கு மச்சான்தான் காரணம். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் அப்படி என்று ஊரில் சொல்வார்கள். நான் சொன்னதில்லை. என் வரப்பை அவன் வெட்டிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான்.

அவனுக்கென்று மிஞ்சிய ஒரே உறவு செவலை என்கிற நாய். கரும்புக்குள் புகுந்த காட்டுப்பன்றி அதன் தொடையைக் கிழித்துப் போட்டது. கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷன் செய்து தையல் போட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லி வலி மாத்திரையும் தந்தார்.

யார் சொல்லி அவன் கேட்டான்? தையல் போட்ட உடம்புக்குச் சோறு ஆகாது, சீழ் வைக்கும் என்று நாய்க்குப் பத்தியம் வைத்துவிட்டான். வெறும் வெந்நீர், அதன்மேல் மாத்திரை. நாய் முனகினால் இன்னொரு மாத்திரை. அவன் அதன் வாயைப் பிளந்து திணிப்பதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் இல்லை. எங்கள் ஊர் முனையில் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் ராஜாங்கமும் ஒருவன். கோடாலியோடு வீடு திரும்பியவன், செவலை வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பதைப் பார்த்தான். நேரே என் வாசலுக்கு வந்தான்.

"ஏய் பச்சையம்மா! இன்னாடி வச்ச என் நாயிக்கு? வெசம் வச்சிட்டியா?"

"நானா வச்சேன்? நீதான்யா மாத்திர மாத்திரயா திணிச்சிக்கினு கீற!"

போய்ப் பார்த்தேன். தார் மாதிரி கறுப்பாகக் கழிந்திருந்தது. முழங்கால் வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை தின்று, அப்படியே கழிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான்.

"மாத்திரய நிறுத்துய்யா. வவுறு புண்ணாயிருக்கு."

"நிறுத்துனா வலியிலயே சாவும்னு பாக்கிறியா?"

நாய் செத்தால் பழி என் தலையில்தான் விடியும். "வா, டாக்டரு வாயாலயே கேப்போம்" என்றேன். வழியில் பசிக்குமே என்று தயிர்சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ராஜாங்கம் நாயைத் தோளில் சுமந்துகொண்டு, தானே வெட்டிய புளியமரத்தில் ஏறி இறங்க முடியாமல் தடுமாறினான். நான் கை கொடுக்கவில்லை. கள்ளக்குறிச்சி வரை நடந்தே போனோம்.

டாக்டர் நாயின் வெளுத்துப்போன ஈறைப் பார்த்தார். "சோறு போட்டியாய்யா?"

"பத்தியம்ங்க..."

"நாயிக்கு எவன்யா பத்தியம் சொன்னது? வெறும் வயித்துல இவ்ளோ மாத்திர போட்டா உள்ள ரத்தம் கசியாம இன்னா பண்ணும்?"

எனக்கு மனசு குளிர்ந்தது. மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொல்லி ஊசி போட்டார். வாந்தி அடங்கியதும் தயிர்சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். மறியலில் கடையெல்லாம் மூடிக் கிடந்தது. என் தூக்கைத் திறந்து நீட்டினேன்.

செவலை மூக்கை நீட்டியது. ராஜாங்கம் அதன் வாயைப் பொத்தினான். ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும்! தூக்கை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன், நாய் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டேன். கட்டிய பெண்டாட்டியை ஒரு நடை போய்க் கூப்பிடாதவன், நாய்க்காக விஷமென்று நம்பியதைத் தின்று பார்த்தான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்தான்.

செவலை பிழைத்தது. நான் வைத்த விஷத்தை டாக்டர் ஊசி போட்டு முறித்ததாகத்தான் இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தத் தூக்குச் சோற்றைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.