துண்டு போட்ட கீபோர்டு

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முதலியார்பேட்டை வீட்டு முன்னறையில் இருந்தது நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், என் மாமியார்... நாலாவது, மேஜை மேல் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர். அதையும் ஓர் ஆளாகத்தான் வைத்திருந்தோம்.

பிரான்சில் குடியிருக்கும் நாத்தனார் செலின் அண்ணியும் அவர் கணவரும் ஒரு லீவுக்கு வந்தபோது, தூக்கிப்போட மனசில்லாமல் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே விண்டோஸ் 98, முழுக்கப் பிரெஞ்சில். கீபோர்டும் பிரெஞ்சுக் கீபோர்டு. மற்ற கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் இதில் க்யூ இருக்கும். க்யூ இருக்கும் இடத்தில் ஏ.

எனக்கு அந்த வித்தியாசமே தெரியாது. வேறு கீபோர்டைத் தொட்டிருந்தால்தானே! எதை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்து நானாகப் பழகினேன். வீட்டு வரவு செலவு, சர்ச் மாதா சபைக் கணக்கு எல்லாம் அதில்தான்.

என் வீட்டுக்காரர் மட்டும் கிட்டே வரமாட்டார். கோர்ட்டில் டைப்பிஸ்ட். எழுத்தைப் பார்க்காமலே ஓடும் விரல்கள். வந்த புதிதில் ஒரு தடவை உட்கார்ந்து அடித்தார். திரையில் விழுந்ததைப் படித்துவிட்டு, "இது வெள்ளக்காரன் வூட்டு மெஷினு, என் பேச்சக் கேக்காது" என்று எழுந்து போனவர்தான்.

அந்த வருஷம் அண்ணிக்கு அங்கே ஒரு ஆபரேஷன். போனில் எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அத்தை நம்பவில்லை.

"குரல யாரு வேணா நல்லா வச்சிக்கலாம். எனக்கு அவ மூஞ்சப் பாக்கணும்."

ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணி வெப்கேம் கொடுத்து அனுப்பினார். அது பழைய விண்டோஸில் ஓடாது, எக்ஸ்பி வேண்டும் என்று தெரிந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தக் கிழடு தாங்காது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். புதிதுக்கு எங்கே போவது? ராம் மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி, எக்ஸ்பி இங்கிலீஷ் சிடியை வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிறு சாயங்காலம் முகம் காட்டுகிறோம் என்று அண்ணிக்கும் சொல்லியாகிவிட்டது.

கணக்கையெல்லாம் ஃப்ளாப்பியில் ஏற்றிவைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு சிடியை உள்ளே தள்ளினேன். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. அத்தை ஜெபமாலையைக் கையில் எடுத்தார். ஜெபமாலை முடிந்தது, கோடு பாதிதான் வந்திருந்தது. அத்தை மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் அது சிடி உறையில் இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த நம்பரைக் கேட்டது. பார்த்துப் பார்த்து அடித்தேன். க்யூவை அமுக்கினால் ஏ விழுந்தது. டபிள்யூவை அமுக்கினால் இசட். எண் அடிக்க வழக்கம்போல் ஷிப்டைப் பிடித்தால் என்னென்னவோ குறிகள்... பழையது அழிந்தாயிற்று, புதியது வரவில்லை. அத்தை முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பின்னால் நின்றார். நான் அடிப்பதையும் விழுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நவுரு. இப்பதான் எழுத்தெல்லாம் அதது எடத்துக்கு வந்துகீது."

உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீபோர்டு மேல் விரித்தார். அந்த எழுத்துகள் கண்ணில் பட்டால் குழப்புமாம். கை இரண்டையும் துண்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு, "படி" என்றார். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, ஒன்று பிசகாமல் விழுந்தது.

ஞாயிறு சாயங்காலம். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது. அண்ணியோடு பேச வேண்டிய இடத்தில் என் பாஸ்வேர்டைக் கேட்டது. அங்கே எழுத்து தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும். நான் அடித்தால் தப்பிவிடும்.

"சொல்லு," என்றார், துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு.

பாஸ்வேர்டு அவருடைய பெயர். கல்யாணமான நாளாக வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுவும் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு...

"என்னா யோசன? அம்மா காத்துக்கினு இருக்காங்க பாரு."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பாதி போனதும் துண்டுக்குள் அவர் கை நின்றது. என் பக்கம் திரும்பவில்லை. மிச்ச எழுத்தை என்னைக் கேட்காமலே அடித்தார்.

"என்னாடா நின்னுட்ட?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்லம்மா. வந்துடும்."

வந்தது. அண்ணியின் முகம் கட்டம் கட்டமாக வந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. அத்தை திரைக்கு மூக்கைக் கொடுத்துப் பார்த்தார்.

"கழுத்து எளச்சிப் போச்சி. கண்ணு நல்லாக்கீது. போதும்டி, இனிமே நீ நல்லாக்கீறன்னா நம்புவேன்."

கீபோர்டு மேல் துண்டு எதற்கு என்று அங்கிருந்து அண்ணியின் கணவர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். செட்டிங்கில் பிரெஞ்சு என்று மாற்றினால் போதும், என் கைக்கும் சரியாகிவிடும் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"இருக்கட்டும் மாமா. எங்களுக்கு இதான் வசதி" என்றார் அவர்.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்த வரைக்கும் அதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. மவுஸ் நான், எழுத்து அவர். மாதக் கணக்கைக்கூட நான் சொல்லச் சொல்லத்தான் அடித்தார். உப்பு, புளிக்கெல்லாம் கோர்ட்டு லெட்டர் மாதிரி மார்ஜின் விட்டு...

இப்போது அத்தை இல்லை. அண்ணி ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறார், நினைத்த நேரத்தில் போனில் பளிச்சென்று வருகிறார். போன் முகத்தைக் காட்டினாலே திறந்துகொள்கிறது. யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அந்த மூலையில் அவர் போனோடு, நான் இந்த மூலையில் என் போனோடு. ரிட்டயர் ஆனபிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நாற்காலிக் கையில் அவர் விரல்கள் என்னவோ அடித்துக்கொண்டே இருக்கின்றன.

பரண் மேல் அந்தக் கீபோர்டு பத்திரமாக இருக்கிறது. உருண்டை முனை வைத்த பழைய வயர். என் லேப்டாப்பில் அதற்கு ஓட்டையே இல்லை. இதை மாட்ட ஏதாவது வழி உண்டா? செட்டிங்கை மாற்றச் சொல்லாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.